கட்டியவர் யார்? மாண்டிசெல்லோ மாளிகையின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

"அரசன் கோயில் கட்டினான்" என்பது ஒரு தொடர். "சிற்பி கோயில் கட்டினான்" என்பது மற்றொரு தொடர். இரண்டிலும் பயனிலை ஒன்றே, செயப்படுபொருளும் ஒன்றே. ஆயினும் இரண்டும் ஒரே செய்தியைத் தருவன அல்ல. முன்னதில் வரும் அரசன் கல் சுமக்கவில்லை, உளி பிடிக்கவில்லை, கட்டுக என்று ஆணையிட்டான். பின்னதில் வரும் சிற்பியோ தன் கையால் செய்தான். இந்த வேறுபாட்டை நன்குணர்ந்த தமிழ் இலக்கணம், ஆணையிட்டவனை ஏவுதற் கருத்தா என்றும், செய்து முடித்தவனை இயற்றுதற் கருத்தா என்றும் பிரித்துப் பெயரிட்டது. இருவரும் கருத்தாவே. ஒருவரை ஏற்று மற்றவரைத் தள்ள இலக்கணம் இடந்தரவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்காகப் படித்துப் பின்னர் மறந்துவிடும் இச்சிறு பாகுபாடு, வரலாற்று நூல்களை எடைபோடுவதற்கு நல்லதோர் அளவுகோலாகும். வரலாறு எழுதுவோர் பலர் முதல் தொடரை மட்டுமே எழுதுகின்றனர். இரண்டாம் தொடரை எழுத மறந்துவிடுகின்றனர். அம்மறதி எவ்வாறு நேர்கின்றது, எவ்வளவு காலம் நீடிக்கின்றது, அதனால் உண்மைக்கு விளையும் கேடு யாது என்பவற்றை, அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள ஒரு தோட்ட மாளிகையின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம். அம்மாளிகையின் பெயர் மாண்டிசெல்லோ.

மலைமேல் ஒரு மாளிகை

வர்ஜீனியா மாநிலத்தில் சார்லட்ஸ்வில் நகருக்கு அருகே ஒரு சிறு மலை இருக்கின்றது. மாண்டிசெல்லோ என்னும் இத்தாலியச் சொல்லுக்கும் சிறு மலை என்பதே பொருள். தந்தை விட்டுச் சென்ற நிலத்திலிருந்த அம்மலையின் உச்சியைச் சமப்படுத்தி, 1769-ஆம் ஆண்டில் அங்கு வீடு கட்டத் தொடங்கினார் தாமஸ் ஜெபர்சன். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை 1776-ஆம் ஆண்டில் எழுதியவரும், 1801 முதல் 1809 வரை அந்நாட்டின் மூன்றாவது அதிபராக விளங்கியவரும் அவரே. இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் நூல்களைப் பயின்று முதலில் ஒரு வீட்டை அமைத்தார். 1784 முதல் 1789 வரை பிரான்சில் தூதராக வாழ்ந்து அங்குள்ள மாளிகைகளைக் கண்டு திரும்பியபின், 1796-இல் அவ்வீட்டின் பெரும்பகுதியை இடித்துப் புதுக்கத் தொடங்கினார். எண்கோணக் குவிமாடத்தோடு இன்று காணப்படும் மாளிகை 1809-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது.

இங்குத் தோட்டம் என்னும் சொல்லைப் பூந்தோட்டம் என்று கொள்ளலாகாது. மலாயாவில் ரப்பர்த் தோட்டம் என்று வழங்குவதுபோல, விற்பனைப் பயிருக்கென வகுக்கப்பட்ட பெருநிலம் என்றே கொள்ளவேண்டும். ஜெபர்சனின் தந்தை வழி நிலம் ஏறத்தாழ 5,000 ஏக்கர். அதில் முதலில் புகையிலையும் பின்னர்க் கோதுமையும் விளைந்தன. உழைத்தவர்கள் கூலியாட்கள் அல்லர்; விலைக்கு வாங்கவும் விற்கவும்பட்ட அடிமைகள். தம் வாழ்நாளில் ஜெபர்சன் உடைமையாகக் கொண்டிருந்த மனிதர் 600 பேருக்கு மேற்பட்டவர். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று உலகுக்கு உரைத்த எழுதுகோலும், இம்மனிதரின் பெயர்களைப் பண்ணைக் கணக்கேட்டில் வரிசையாகப் பதிந்த எழுதுகோலும் ஒரே கையில் இருந்தன. மாண்டிசெல்லோவின் வரலாற்றை எழுதுவோர்க்குள்ள முதல் இடர்ப்பாடு இதுவே.

ஏவியவர் பெற்ற புகழ்

ஜெபர்சனுக்குரிய பெருமையைக் குறைப்பது இவ்வாய்வின் நோக்கமன்று. அம்மாளிகையின் திட்டம் அவருடையது. சாளரத்தின் அளவு முதல் குவிமாடத்தின் வளைவு வரை அவரே எண்ணி வரைந்தார். 1938 முதல் அந்நாட்டின் ஐந்து காசு நாணயத்தில் அம்மாளிகை பொறிக்கப்பட்டதும், 1987-ஆம் ஆண்டில் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டதும் அத்திட்டத்தின் சிறப்புக்குச் சான்று. ஏவுதற் கருத்தாவும் கருத்தாவே. அவரை நீக்கினாலும் வரலாறு குறைபடும்.

குறை எங்கே நேர்ந்தது என்றால், அவர் ஒருவரையே எழுவாயாக வைத்து எல்லா வினைகளையும் முடித்ததில் நேர்ந்தது. "ஜெபர்சன் மலையைச் சமப்படுத்தினார், செங்கல் சுட்டார், ஆணி செய்தார், மரம் நட்டார், விருந்து படைத்தார்" என்று எழுதிச் சென்ற நூல்களைப் படிப்பவர், அம்மலையில் ஒரே மனிதர் வாழ்ந்தார் என்றும் அவருக்கு ஆயிரம் கைகள் இருந்தன என்றும் எண்ணிவிடுவர். அடிமைகளைக் குறிப்பிட நேர்ந்த இடங்களிலும் "வேலையாட்கள்", "பணியாளர்" என்ற மெல்லிய சொற்களால் போர்த்தி எழுதினர். பணியாளன் வேலையை விட்டுப் போகலாம். அடிமை போக முடியாது. இவ்வேறுபாட்டை மறைக்கும் சொல் மரியாதைச் சொல்லாகத் தோன்றினாலும் உண்மையில் பொய்ச் சொல்லேயாகும்.

இயற்றியவர் யாவர்?

மாளிகைக்கு வேண்டிய செங்கல் அம்மலைப் பக்கத்து மண்ணைக் கொண்டே அறுத்துச் சுடப்பட்டது. மரவேலையில் வல்ல ஜேம்ஸ் டின்ஸ்மோர் போன்ற வெள்ளையரும் கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்தனர். அவர்களோடு உழைத்தவர்களுள் முதன்மையானவர் ஜான் ஹெமிங்ஸ் என்னும் அடிமைத் தச்சர். டின்ஸ்மோரிடம் பயின்ற அவர், 1809-இல் டின்ஸ்மோர் அங்கிருந்து சென்றபின் தலைமைத் தச்சரானார். எழுதவும் படிக்கவும் அறிந்தவர். அவர் ஜெபர்சனுக்குத் தம் கையால் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன.

அவர் தொழிலைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நெஞ்சில் நிறுத்தத்தக்கது. 1825-ஆம் ஆண்டில் ஜெபர்சனின் பேத்தி எல்லன் மணமாகி பாஸ்டன் நகர் சென்றார். அவருக்கென ஜான் ஹெமிங்ஸ் அரும்பாடுபட்டு எழுதுமேசை ஒன்று செய்து கொடுத்தார். அதை ஏற்றிச் சென்ற கப்பல் கடலில் அழிய, மேசையும் அழிந்தது. செய்தி கேட்ட தச்சரின் துயரத்தைப் பேத்திக்கு எழுதிய ஜெபர்சன், தம் காப்பியம் தீக்கிரையானால் ரோமானியக் கவி வர்ஜில் எவ்வளவு வருந்தியிருப்பாரோ அதனினும் குறையாத வருத்தம் அது என்னும் கருத்துப்பட எழுதினார். அம்மேசைக்கு ஈடாக அவர் அனுப்பியது எது தெரியுமா? 1776-ஆம் ஆண்டில் தாம் சுதந்திரப் பிரகடனத்தை வைத்து எழுதிய சிறு எழுதுபெட்டியையே அனுப்பினார்!

இந்நிகழ்ச்சியைப் பல நூல்கள் எழுதுபெட்டியின் பெருமைக்காகவே எடுத்துரைக்கின்றன. ஆனால் இதில் வெளிப்படும் மற்றோர் உண்மையை எண்ணிப் பார்க்கவேண்டும். ஜான் ஹெமிங்ஸின் மேசையை ஒரு காப்பியத்தோடு ஒப்பிடும் அளவுக்கு ஜெபர்சன் அவரைக் கலைஞர் என உணர்ந்திருந்தார். உணர்ந்திருந்தும் அன்றுவரை அவரை உடைமையாகவே வைத்திருந்தார். அறியாமையால் நேர்ந்த தவறு என்று இதனைக் கொள்ள இயலுமா? அறிந்தே வாழ்ந்த முரண்பாடு இது.

மற்றவர்களையும் நோக்குவோம். ஜேம்ஸ் ஹெமிங்ஸ், ஜெபர்சனோடு பாரிஸ் சென்று அங்கே சமையற்கலை பயின்றவர். தமக்குப் பதிலாக வேறொருவருக்கு அக்கலையைக் கற்பித்தால் விடுதலை உண்டு என்ற உடன்படிக்கையின்படி, தம் தம்பி பீட்டருக்குக் கற்பித்து 1796-இல் விடுதலை பெற்றார். சமையலறைப் பாத்திரங்களை எண்ணி அவர் கையால் எழுதிய பட்டியல் இன்றும் இருக்கின்றது. ஜோசப் பாசெட் கொல்லர். அவர் மனைவி ஈடித், அதிபர் மாளிகையில் பிரெஞ்சுச் சமையற்காரரிடம் பயின்று, பின்னர் மாண்டிசெல்லோவின் தலைமைச் சமையலராக விளங்கியவர். மனைவி வாஷிங்டனில் இருந்தபோது, 1806-இல் ஜோசப் இசைவின்றிப் புறப்பட்டு அங்கே சென்றார். பிடிபட்டு மீட்டுக் கொண்டுவரப்பட்டார்.

ஆணிப் பட்டறையைப் பற்றிச் சொல்லாமல் இப்பகுதியை முடிக்கலாகாது. 1794-ஆம் ஆண்டில் ஜெபர்சன் தொடங்கிய அப்பட்டறையில் ஆணி அடித்தவர்கள் சிறுவர்கள். 10 வயது முதல் 16 வயது வரை ஆண்பிள்ளைகள் ஆணி அடிக்கவும், பெண்பிள்ளைகள் நூல் நூற்கவும், 16 வயதில் வயலுக்குச் செல்லவோ தொழில் கற்கவோ வேண்டும் என்று அவரே பண்ணைக் கணக்கேட்டில் எழுதி வைத்தார். அந்தக் கணக்கேட்டை எட்வின் பெட்ஸ் என்னும் அறிஞர், தொடர்புடைய கடிதங்களோடு 1953-இல் பதிப்பித்தார். பட்டறைச் சிறுவர் சவுக்கடி பெற்ற செய்தி வரும் கடித வரியைப் பதிப்பாசிரியர் விட்டுவிட்டார் என்று 2012-ஆம் ஆண்டில் ஹென்றி வீன்செக் என்னும் எழுத்தாளர் எடுத்துக் காட்டினார். ஒரு வரியை நீக்கியதால் சான்று முழுதும் அழிந்துவிடவில்லை. ஆனால் பதிப்பை நம்பிப் படித்த ஒரு தலைமுறைக்கு அச்சிறுவரின் துன்பம் தெரியாமற் போயிற்று.

மாளிகையே செய்த மறைப்பு

வரலாற்றாசிரியர்கள் மட்டுமோ மறைத்தார்கள்? மாளிகையின் அமைப்பே மறைப்பதற்கு வகுக்கப்பட்டது என்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலப்படும். சமையலறை, புகையறை, குதிரைக் கொட்டில், பணியறைகள் ஆகியவை மலைச்சரிவைப் பயன்படுத்தி இருபுறத்து மேடைகளின் கீழே அமைக்கப்பட்டன. மாளிகையின் முற்றத்தில் நின்று மலைகளைக் காண்பவர் கண்ணுக்கு அவை தென்படமாட்டா. அடித்தளத்து வழியொன்று அப்பகுதிகளை இணைத்தது.

உணவறைக் கணப்படுப்பின் பக்கவாட்டில், கீழ் அறையிலிருந்து மதுப்புட்டிகளை மேலேற்றும் சிறு ஏற்றப்பெட்டி உண்டு. கதவொன்றில் அடுக்குத் தட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. அப்பாலிருந்து உணவை வைத்துச் சுழற்றினால் தட்டுகள் உணவறைப் பக்கம் வந்து நிற்கும். இவற்றைக் காணும் பார்வையாளர், ஜெபர்சனின் அறிவுக் கூர்மையை வியப்பது வழக்கம். வியக்கத்தக்கதே. ஆனால் கதவின் அப்பால் தட்டில் உணவை வைத்தது எந்தக் கை? கீழே புட்டியைப் பெட்டியில் இட்டது எந்தக் கை? கை தெரியாமல் உணவு வரவேண்டும் என்பதே அக்கருவிகளின் பயன். பேச்சைக் கேட்கும் பணியாளர் அறையில் இல்லாமையால் விருந்தினர் தடையின்றி உரையாடினர். அவ்வுரையாடல் விடுதலையைப் பற்றியதாகவும் இருந்திருக்கக்கூடும்!

இங்கு மீண்டும் இலக்கணம் துணை செய்கின்றது. மூன்றாம் வேற்றுமையின் "ஆல்" உருபு கருத்தாவையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். "தச்சனால் ஆயிற்று" என்பதில் கருத்தா. "உளியால் ஆயிற்று" என்பதில் கருவி. உருபு ஒன்றாயினும் தச்சனும் உளியும் ஒன்றாகிவிட மாட்டார் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அடிமை முறை செய்த கொடுமை, அவ்விரண்டையும் ஒன்றாக்கியதே. அடிமை என்பவன் உயிருள்ள கருவி என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலே எழுதினார். மனிதனைக் கருவி என்று சட்டம் சொல்லிவிட்டால், வரலாறும் அவனைக் கருவியாகவே எண்ணிப் பெயர் கூறாது விட்டுவிடுகின்றது. சுத்தியலின் பெயரை எவரும் கேட்பதில்லை அல்லவா?

மாளிகையின் தெற்குப் பக்கத்தில் மல்பெரி மரங்கள் வரிசையாக நின்ற ஒரு சாலை உண்டு. பட்டறைகளும் அடிமைக் குடிசைகளும் அச்சாலையோரத்தில் இருந்தன. 1796-இல் காப்புறுதிக்காக ஜெபர்சனே எழுதிய விவரப்படி, அங்கிருந்த குடிசைகளுட் சில 12 அடிக்கு 14 அடி, மண்தரை, மரத்தாலான புகைப்போக்கி. குவிமாடம் நின்றது, குடிசைகள் அழிந்தன. நிலைத்து நிற்பதை மட்டும் பார்த்து எழுதும் வரலாறு, செங்கல்லுக்கு மட்டுமே சாட்சி சொல்லும்.

யார் சொல் சான்றாகும்?

மாண்டிசெல்லோ வரலாற்றில் மிகப் பெரிய வழக்கு சாலி ஹெமிங்ஸ் என்னும் பெண்மணியைப் பற்றியதாகும். 1773-இல் பிறந்த அவர், ஜெபர்சனின் மனைவி மார்த்தாவுக்கு ஒரே தந்தைவழித் தங்கை. ஆயினும் அடிமைத் தாய்க்குப் பிறந்தமையால் அடிமை. மார்த்தா 1782-இல் மறைந்தார். 1787-இல் 14 வயதில் ஜெபர்சனின் இளைய மகளுக்குத் துணையாகச் சாலி பாரிஸ் சென்றார். அவர் ஈன்ற மக்களுள் பெவர்லி, ஹாரியட், மாடிசன், எஸ்டன் என்னும் நால்வர் வளர்ந்து ஆளாயினர்.

தம் தந்தை ஜெபர்சனே என்று மாடிசன் ஹெமிங்ஸ் 1873-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலச் செய்தித்தாள் ஒன்றில் வெளிப்படையாகக் கூறினார். ஜெபர்சனின் பேரப்பிள்ளைகளோ, அம்மக்களின் தந்தை ஜெபர்சனின் சகோதரி மக்களாகிய கார் குடும்பத்தார் என்றனர். இரு கூற்றுகளும் குடும்பத்தார் கூற்றுகளே. நடுநிலை ஆய்வாளர் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுத்திருக்க வேண்டும். ஆனால் நூறாண்டுக்கு மேலாகப் பெரும்பாலோர் பேரப்பிள்ளைகளின் சொல்லைச் சான்று என்றும், மாடிசனின் சொல்லை வதந்தி என்றும் கொண்டனர். 1948 முதல் 1981 வரை ஆறு தொகுதிகளில் ஜெபர்சன் வரலாற்றை எழுதிப் பெரும்புகழ் பெற்ற டூமாஸ் மலோனும் அவ்வழியே சென்றார். 1974-இல் பான் பிரோடி என்னும் பெண் அறிஞர் மாடிசன் பக்கம் நின்று எழுதியபோது கடுமையான கண்டனத்துக்கு ஆளானார்.

1997-ஆம் ஆண்டில் சட்டப் பேராசிரியர் அனெட் கார்டன்-ரீட் ஒரு நூல் வெளியிட்டார். அவர் புதிய ஏடு எதையும் தோண்டி எடுத்தாரில்லை. முன்பே எல்லோரும் அறிந்திருந்த சான்றுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை வரலாற்றாசிரியர்கள் நிறுத்த முறை நேர்மையானதா என்று வழக்கறிஞர்போல் வினவினார். மாளிகையாரின் சொல்லுக்குக் கேட்கப்படாத ஐயங்கள் அடிமையின் சொல்லுக்கு மட்டும் கேட்கப்பட்டதை வரிக்கு வரி எடுத்துக் காட்டினார். திறனாய்வு என்பதற்கு இலக்கணமாக இந்நூலைக் கூறலாம்.

அடுத்த ஆண்டே அறிவியல் குறுக்கிட்டது. எஸ்டன் ஹெமிங்ஸின் ஆண்வழி வந்தவரின் மரபணுக்கூறு, ஜெபர்சன் குடும்ப ஆண்வழிக்குப் பொருந்துகின்றது என்றும், கார் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை என்றும் 1998-இல் வெளியான சோதனை காட்டியது. அச்சோதனை தாமஸ் ஜெபர்சன் என்ற ஒருவரை மட்டும் சுட்டவில்லை, அக்குடும்ப ஆண்வழியையே சுட்டியது என்பது உண்மை. அதனால் இன்றும் ஏற்காதார் சிலர் உளர். ஆனால் சாலி கருவுற்ற காலங்களிலெல்லாம் ஜெபர்சன் அம்மலையில் இருந்தமை முதலான பிற சான்றுகளோடு சேர்த்து நோக்கி, மாளிகையைக் காத்துவரும் அறநிறுவனமே 2000-ஆம் ஆண்டில் மாடிசன் கூற்றே பெரிதும் பொருந்துவது என்னும் முடிவுக்கு வந்தது.

இங்குக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மாடிசன் 1873-இல் சொன்னதும், 1998-க்குப் பின் அறிஞர் பலர் ஏற்றதும் ஒரே செய்தி. இடையில் 125 ஆண்டுகள் ஓடின. ஒரு மனிதர் தம் தாய் தந்தையரைப் பற்றிச் சொன்ன சொல்லை நம்புவதற்குக் குருதிச் சோதனை வேண்டியிருந்தது என்றால், குறை அச்சொல்லில் இல்லை. கேட்டவர் செவியில் இருந்தது.

1827-ஆம் ஆண்டு ஏலம்

ஜெபர்சன் 1826 ஜூலை 4-ஆம் நாள், பிரகடனத்தின் பொன்விழா நாளன்றே மறைந்தார். அவர் விட்டுச் சென்ற கடன் 107,000 டாலருக்கு மேல். தம் இறுதி முறியில் ஐவருக்கு விடுதலை எழுதினார்: பர்வெல் கோல்பர்ட், ஜான் ஹெமிங்ஸ், ஜோசப் பாசெட், மாடிசன், எஸ்டன். 1827 ஜனவரியில் மற்ற 130 பேரும், வீட்டுப் பொருள்களும், கால்நடைகளும் அம்மலைமேல் ஏலத்துக்கு வந்தன.

ஜோசப் பாசெட் விடுதலை பெறவிருந்தார். ஆனால் அவர் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் ஏலம் கூறப்பட்டு வெவ்வேறு கைகளுக்குப் போயினர். கொல்லுலையில் உழைத்துச் சேர்த்த பணத்தாலும் பிறர் துணையாலும் அவர் மனைவியையும் பிள்ளைகளிற் சிலரையும் மீட்டார். 11 வயதில் விற்கப்பட்ட மகன் பீட்டர் விடுதலை காண இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பின்னர் அவர் சின்சினாட்டி நகரில் சமய போதகராகி, தப்பிவரும் அடிமைகளுக்குத் துணைபுரிந்து, முதுமையில் தம் நினைவுகளைச் செய்தித்தாளில் வெளியிட்டு, 1900-ஆம் ஆண்டில் மாண்டிசெல்லோவை மீண்டும் கண்டார். மறு ஆண்டு மறைந்தார். மாளிகையின் வரலாற்றில் இவ்வொரு குடும்பத்தின் கதைக்கு இணையான பகுதி வேறில்லை. ஆயினும் நெடுங்காலம் அம்மாளிகையைப் பற்றி எழுதியவர்கள், ஏலத்தில் போன நாற்காலிகளும் ஓவியங்களும் எங்கே சென்றன என்று தேடினார்கள். ஏலத்தில் போன மனிதர்கள் எங்கே சென்றார்கள் என்று தேடினாரில்லை.

காலத்தின் குற்றமா?

இவ்வாறு ஆராய்வதை மறுப்பார் கூற்று ஒன்றுண்டு. அக்காலத்தவரை இக்கால நெறிகொண்டு அளத்தல் முறையன்று என்பர். கேட்கத்தக்க மறுப்பே. எனவே அக்காலத்தவரைக் கொண்டே அளப்போம். முதல் அதிபர் வாஷிங்டனும் வர்ஜீனியாத் தோட்டக்காரரே. தமக்குரிய அடிமைகளுக்கு விடுதலை அளிக்குமாறு 1799-இல் இறுதி முறி எழுதினார். எட்வர்ட் கோல்ஸ் என்னும் இளைஞரும் வர்ஜீனியாத் தோட்டக்காரர் மகனே. அடிமை ஒழிப்புக்குத் தலைமை ஏற்குமாறு 1814-இல் ஜெபர்சனுக்கே கடிதம் எழுதினார். அது இளைஞர் செய்யவேண்டிய பணி என்று கூறி ஜெபர்சன் ஒதுங்கிக்கொண்டார். கோல்ஸோ 1819-இல் தம் அடிமைகளை அழைத்துக்கொண்டு இல்லினாய் சென்று, அவர்களுக்கு விடுதலையும் நிலமும் அளித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிமை வாணிகம் கொடியது என்று 1776-இல் எழுதியவரும் ஜெபர்சனே. ஆகவே அவரை அளக்கும் கோல் இக்காலத்திலிருந்து கொணர்ந்ததன்று. அவரே செதுக்கி வைத்த கோல். மேலும், அக்காலத்தவர் என்றால் மாளிகையில் வாழ்ந்தவர் மட்டும்தானா? குடிசையில் வாழ்ந்தவரும் அக்காலத்தவரே. அடிமை முறை தவறு என்பதை அவர்கள் அக்காலத்திலேயே அறிந்திருந்தனர்.

இன்றைய மாற்றமும் எஞ்சிய குறையும்

1923-ஆம் ஆண்டு முதல் மாளிகையைக் காத்துவரும் அறநிறுவனம் பிற்காலத்தில் மேற்கொண்ட பணி பாராட்டுக்குரியது. 1941-இல் சாலி ஹெமிங்ஸ் வாழ்ந்ததாகக் கருதப்படும் பகுதி பார்வையாளர் கழிப்பறையாக்கப்பட்டிருந்தது! அதே தெற்குப் பகுதியில் 2018-ஆம் ஆண்டில் அவர் வரலாற்றைக் கூறும் காட்சியறை திறக்கப்பட்டது. 1993-இல் லூசியா ஸ்டாண்டன் முதலிய ஆய்வாளர்கள், விற்கப்பட்டுச் சிதறியோரின் வழித்தோன்றல்களை நாடெங்கும் தேடிச் சென்று வாய்மொழி வரலாறு தொகுக்கத் தொடங்கினர். மல்பெரிச் சாலையில் அகழ்ந்து, குடிசைகளின் சுவடுகளைக் கண்டெடுத்தனர்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, அடிமைகளின் கதையைத் தனிச் சுற்றாக, பின்னிணைப்புப்போல் வைத்தல் போதாது. உணவறையில் ஜெபர்சனையும் குடிசையில் அடிமைகளையும் காட்டினால், உணவறைக்கு உணவு கொணர்ந்தவர் மீண்டும் மறைந்துவிடுவார். ஈடித் பாசெட்டின் பெயர் உணவறையிலேயே ஒலிக்கவேண்டும். ஜான் ஹெமிங்ஸின் பெயர் மரவேலையைக் காணும்போதே சொல்லப்படவேண்டும். பின்னிணைப்புச் சேர்ப்பதன்று திருத்தம். முதன்மை வாக்கியத்தைத் திருத்துவதே திருத்தம்.

இரண்டாவது, பண்ணைக் கணக்கேட்டில் பெயர்கள் கிடைத்துவிட்டன என்று மனநிறைவு கொள்ளலாகாது. கணக்கேடு போர்வையையும் தானியத்தையும் எண்ணியது, மனத்தை எண்ணவில்லை. அதுவும் ஏவியவர் எழுதுகோலால் எழுந்ததே. ஜான் ஹெமிங்ஸின் கடிதங்கள், மாடிசனின் வாக்குமூலம், பீட்டர் பாசெட்டின் நினைவுரை, 1847-இல் பிறர் கேட்டு எழுதிய ஐசக் என்னும் கொல்லரின் நினைவுரை ஆகியவை அளவிற் சிறியன. ஆனால் இயற்றியவர் தாமே பேசிய சொற்கள் இவையே. இவற்றை முதற் சான்றாக வைத்தும் கணக்கேட்டைத் துணைச் சான்றாக வைத்தும் எழுதப்படும் வரலாறே முழுமையானதாகும்.

முடிவாக, மாண்டிசெல்லோவைக் கட்டியவர் யார் என்று ஒரு மாணவனைக் கேட்டால் அவன் என்ன விடை கூறவேண்டும்? "ஜெபர்சன் கட்டினார்" என்றால் பாதி மதிப்பெண். "அடிமைகள் கட்டினர்" என்றாலும் பாதி மதிப்பெண்தான். ஏனெனில் பெயர் கூறாது கூட்டமாகச் சொல்வதும் ஒருவகை மறதியே. "ஜெபர்சன் ஏவினார், ஜான் ஹெமிங்ஸும் ஜோசப் பாசெட்டும், நாம் பெயரறிந்த பலரும் பெயரறியாப் பலரும் இயற்றினர், இயற்றியவருக்கு அவ்வீட்டில் உரிமை இல்லை, தம் உடலிலும் உரிமை இல்லை" என்று விடை எழுதும் மாணவனே இலக்கணமும் கற்றவன், வரலாறும் கற்றவன். உலகில் எந்த மாளிகையின் முன் நின்றாலும் கேட்கத்தக்க வினா அது.